கட்டுமிடம்

மூன்றாம் நம்பர் கவுண்ட்டர் எனக்கு.
ஒரு மேஜைவிசிறி, விரல் நனைக்க ஈரப் பஞ்சு,
முன்பிருந்தவர் இழுப்பறையில் விட்டுப்போன
அட்டை கிழிந்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி.
நர்சிங் கல்லூரி. மார்த்தாண்டம். ஜூலை.
பதினைந்து தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய் பைன்.

நோட்டுக்கு மணம் உண்டு.
ரப்பர் ஷீட்டு விற்ற பணம் புகையும் புளிப்புமாக நாறும்.
அண்டி ஆபீஸ் சம்பளம் என்றால் விளிம்பில் கறை,
எண்ணி முடிக்கையில் அது என் பெருவிரலுக்கும் ஏறியிருக்கும்.
குளச்சல் பணம் மெத்தென்றிருக்கும், உப்பு.
நகைக்கடன் பணத்துக்கு மட்டும் மணமே கிடையாது.
பேங்க் சுற்றிய தாள்பட்டை பிரியாமல் வரும்,
நான்தான் முதலில் கிழிப்பேன்.

இருபத்திரண்டாம் தேதி
அருமனைக்கு அப்பாலிருந்து யேசுவடியான் வந்தார்.
மகள் ஷைனி பிறிஜா, இரண்டாம் வருஷம்.
ஐம்பத்திரண்டாயிரம்.
ரப்பர் பேண்டுக்குள் ஒரு வைக்கோல் துரும்பு.

"செவல. ரெண்டாவது ஈத்து.
நேரத்துக்கு நாலு லிட்டர், பாத்துக்கிடுங்க.
களியக்காவெளக்காரன் வந்து பிடிச்சிட்டுப் போனான்."
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.
எண்ணிக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் மத்தியானம்தான்
எஃப் பக்கத்தில் படித்திருந்தேன்.
ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில்
இந்தச் சொல்லுக்கு மாடு என்று அர்த்தம்.
கல்லில் கீறிய அவர்கள் எழுத்து வரிசையில்
முதல் எழுத்தே அதுதான்:
ஒரு நட்டக் கோடு, மேலே சாய்ந்த இரண்டு கொம்பு.
பிறகு வெள்ளியும் வெண்கலமும் படுக்கையும்
மாட்டின் பெயருக்குள்ளேயே வந்து தங்கின.
இடம் போதாமல் மாடு வெளியேறியது.
பிரெஞ்சு பேசிக்கொண்டு இன்னொரு வாசல் வழியாக வந்தபோது
அது நிலம்,
பிரபுவின் முன்னால் மண்டியிட்டவனுக்குக் கிடைத்த நிலம்.
(எப்படி மாடு நிலமானது என்பதில்
அறிஞர்களுக்குள் அடிதடி. பொடியெழுத்தில் அடிக்குறிப்பு.)
அப்புறம் வக்கீலுக்கு, வைத்தியருக்கு,
பரீட்சை எழுத, தோற்க, திரும்ப எழுத.

நம்மிடம் வந்து சேர்ந்தபோது ஒருமை உதிர்ந்துவிட்டது.
பீஸ் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.
ஒருமையில் சொல்லிப் பாருங்கள், காரணம் தெரியும்.

பழைய நிகண்டில் நமக்கும் மாடு என்றால் செல்வம்.
பொன் என்றும் உண்டு.
பக்கம் என்றும் உண்டு.
பக்கத்தில் ஷைனி நின்றாள்,
செருப்பு வாரைக் கால்விரலால் நெம்பியபடி.

சொல்லிவிடத் தோன்றியது.
"அண்ணாச்சி, ஒரு காலத்துல இந்த பீஸுன்னு சொல்றதே—"
"பைன் எவ்வளவு வருது?"
"எழுநூறு."
சட்டைப்பையிலிருந்து பத்தும் இருபதுமாக எடுத்து வைத்தார்.
கடைசி முப்பதை ஷைனி கொடுத்தாள்.

என் தலைக்கு மேல் பலகை: கட்டணம் கட்டுமிடம்.
எங்கள் ஊர் வாயில் கட்டு என்பது கெட்டு.
பீஸ் கெட்டியாச்சா, மாடு கெட்டியாச்சா,
ஒரே கேள்விதான்.
தொழுவில் கெட்டியது விடிந்தாலும் அங்கேயே நிற்கும்.
இங்கே கெட்டியதை
நாலு மணிக்குள் பேங்குக்கு அனுப்பிவிடுவேன்.

மழை பிடித்துக்கொண்டது.
ஆலஞ்சோலை பஸ் பாலத்தடியில் திரும்பும் சத்தம் கேட்டு
இரண்டு பேரும் ஓடினார்கள்.

கணக்கு முடித்தேன். ரூபாய் சரி.
ஜன்னல் விளிம்பில் ஒரு மஞ்சள் பை,
உள்ளே தும்புக் கயிறு.
மாடு விற்றால் கயிறு கொடுப்பதில்லை.
கழுத்தளவு வட்டம் இன்னும் அவிழாமல் இருந்தது,
இரண்டு மூன்று செம்மயிர் ஒட்டிக்கொண்டு.
எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?

ஐந்தேகாலுக்கு போன்.

"மேடம், யேசுவடியான் பேசுதேன்.
அந்தக் கயிறு அங்கயா கெடக்கு?
தூரக் களஞ்சிராதீங்க.
கிடாரி ஒண்ணு நிக்குது,
கெட்டணும்."